இரண்டு சரங்களை ஒட்டும் பாடம்

பரணைச் சுத்தம் செய்யும் நாளில் பல வீடுகளில் தவறாமல் கைக்கு வரும் பொருள் ஒன்று உண்டு: பழுப்புக் காகித அட்டை போட்ட கம்ப்யூட்டர் ரெக்கார்டு நோட்டு. வலது பக்கம் நீல மையில் புரோகிராம், இடது பக்கம் பென்சிலில் அவுட்புட், அடியில் சிவப்பு மையில் ஆசிரியரின் கையெழுத்து. முதல் பக்கங்களைப் புரட்டினால் இரண்டு எண்களைக் கூட்டுவது, மூன்றில் பெரியதைக் கண்டுபிடிப்பது, வட்டத்தின் பரப்பளவு என்று வரிசை போகும். அதற்கு அப்புறம், விட்டுப்போகக் கூடாதே என்று சேர்த்ததுபோல் அரைப் பக்கத்தில் ஒரு பயிற்சி இருக்கும்: ஒருவரின் பெயரை இரண்டு துண்டாக வாங்கி, இரண்டையும் ஒட்டி முழுப்பெயராக அச்சிடுக. ஒரே ஒரு வரி அவுட்புட். ஒரு தலைமுறையே அதைப் பத்து நிமிடத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போயிருக்கிறது. அந்த அரைப் பக்கம்தான் அந்த நோட்டிலேயே கனமான பக்கம் என்பது என் கருத்து. கணினி குறிகளை மட்டுமே சேர்க்கும், அர்த்தம் சேர்ந்ததா என்று பார்ப்பது எழுதுகிறவர் பொறுப்பு என்ற பெரிய உண்மை, தொடக்க மாணவரின் கைக்கு எட்டும் தூரத்தில் முதன்முதலாக வருவது அங்கேதான். அந்த உண்மையை மறந்ததால் வந்த கோளாறுகளின் பட்டியல் நீளமானது. சரங்களை, அதாவது எழுத்துகளின் தொடர்களை, இணைக்கும் பாடத்தை ஓரமாக வைக்காமல் நடுவில் வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பயிற்சியை முதலில் செய்தவர்களுக்கு மொழி பேசிக். ஜான் கெமினியும் தாமஸ் கர்ட்ஸும் 1964இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் உருவாக்கியது. அறிவியல், கணிதம் படிக்காத மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இருபது ஆண்டு கழித்து, 1984-85இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைத் தந்தபோது, அவற்றிலும் பேசிக்தான் இருந்தது. பின்னால் பிசி வந்ததும் ஜிடபிள்யூ-பேசிக். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி குளிரில், ஒரு மானிட்டருக்கு மூன்று பேராக உட்கார்ந்து படித்த காலம். பேசிக்கில் எண்ணை வைக்கும் மாறியின் பெயர் சும்மா நிற்கும். எழுத்தை வைக்கும் பெயருக்குப் பின்னால் டாலர் குறி நிற்கும். மதிப்பெண்ணுக்கு ‘எம்’, பெயருக்கு ‘என்$’. ஒரு பெட்டியில் இருப்பது எண்ணா எழுத்தா என்று ஒவ்வொரு வரியிலும் மாணவரே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ‘டைப் மிஸ்மேட்ச்’ என்று வரி எண்ணோடு திரையில் வந்து நிற்கும். அன்றைக்குத் தொல்லையாகத் தெரிந்த அந்த டாலர் குறி, கணினிக்கு உள்ளே இருக்கும் மிகப் பெரிய வேறுபாட்டை ஒற்றைக் குறியில் காட்டியது.

அந்தக் காலத்து நோட்டுகளில் இன்னொரு நுட்பம் புதைந்து கிடக்கிறது. அச்சிடும் கட்டளையில் இரண்டு பொருளுக்கு நடுவே அரைப்புள்ளி போட்டால் அவை திரையில் பக்கத்தில் பக்கத்தில் வரும்; பிளஸ் போட்டால் இரண்டும் ஒரே சரமாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் திரையில் மட்டும் நெருக்கம். இரண்டாவதில் நினைவகத்தில் புதிதாக ஒரு பொருள் பிறக்கிறது, அதை இன்னொரு பெயரில் வைத்துக்கொள்ளலாம், நீளம் கேட்கலாம், மறுபடி ஒட்டலாம். எண்ணைச் சரமாக்கி ஒட்டும்போது வரும் வேடிக்கை இன்னும் நல்ல பாடம். ஜிடபிள்யூ-பேசிக்கில் ‘ஏ’ என்ற எழுத்தோடு 7 என்ற எண்ணைச் சரமாக்கி ஒட்டினால் ‘ஏ7’ வராது, நடுவில் ஓர் இடைவெளியோடு ‘ஏ 7’ வரும். இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று மாணவர் தலையைச் சொறிவார். கழித்தல் ஏழைக் கொடுத்துப் பார்த்தால் புரியும்: அந்த இடம் எண்ணின் அடையாளக் குறிக்காக ஒதுக்கியது; கூட்டல் எண்ணுக்குக் குறி எழுதாததால் இடம் காலியாக நிற்கிறது. திரையில் தெரியாத வெற்றிடமும் கணினிக்கு ஓர் எழுத்து. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், பின்னால் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடத்தால் கடவுச்சொல் பொருந்தாமல் போகும்போது எங்கே தேட வேண்டும் என்று அறிவார்.

அடுத்து வந்தது சி மொழி. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி, நம் ஊர்க் கல்லூரிகளுக்கு டர்போ சியின் நீலத் திரையாக வந்து சேர்ந்தது. கண்ட்ரோலும் எஃப்9உம் அழுத்தி ஓட்டி, ஆல்ட்டும் எஃப்5உம் அழுத்தி அவுட்புட் பார்த்த விரல்களுக்கு இன்றும் அந்தப் பழக்கம் போயிருக்காது. சியில் சரத்துக்கென்று தனி வகை கிடையாது. எழுத்துகளின் வரிசை, கடைசியில் ‘முடிந்தது’ என்று சொல்லும் ஒரு சுழிய எழுத்து, அவ்வளவுதான். இரண்டை ஒட்ட ‘ஸ்டர்கேட்’ என்ற ஃபங்ஷன் உண்டு. ஆனால் பிராக்டிகல் தேர்வில் அதைப் பயன்படுத்த விடமாட்டார்கள். லைப்ரரி ஃபங்ஷன் இல்லாமல் இரண்டு சரங்களை இணைக்கச் சொல்வார்கள். முதல் சரத்தின் கடைசிச் சுழியத்தைத் தேடிப் போய், அதன்மேல் இரண்டாவது சரத்தின் முதல் எழுத்தை எழுதி, ஒவ்வொன்றாக நகலெடுத்து, முடிவில் மறக்காமல் ஒரு சுழியத்தை வைக்க வேண்டும். அதை மறந்தவரின் திரையில் பெயருக்குப் பின்னால் சிரித்த முகமும் கிரேக்க எழுத்துமாகக் குப்பை வரும். பக்கத்து நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதையும் கணினி பெயர் என்று நினைத்து அச்சிட்டதன் விளைவு அது.

இதைவிட முக்கியமான பாடம் இடம் பற்றியது. ஆங்கில எழுத்தில் செந்தில் என்ற பெயருக்கு ஏழு எழுத்து, குமார் என்பதற்கு ஐந்து. பத்து எழுத்துக்கு இடம் ஒதுக்கிய பெட்டியில் முதல் பெயரை வைத்து, இரண்டாவதை அதன் பின்னால் ஒட்டினால், பன்னிரண்டு எழுத்தும் ஒரு சுழியமுமாகப் பதின்மூன்று இடம் வேண்டும். சி மொழி அதைப் பற்றிக் கேள்வி கேட்காது. மூன்று எழுத்து பக்கத்து மாறியின் வீட்டுக்குள் போய் உட்காரும். சில நேரம் அவுட்புட் சரியாகவே வரும். சில நேரம் சம்பந்தமே இல்லாத மதிப்பெண் மாறியிருக்கும். சில நேரம் கணினி அப்படியே நின்றுவிடும். சரத்தை எல்லை பார்க்காமல் எழுதும் இந்தக் குறையைத்தான், 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட புழு நிரல் தன் வழிகளில் ஒன்றாகப் பயன்படுத்தியது. அதில் மாட்டியது ஒட்டும் ஃபங்ஷன் இல்லை, வரியை வாங்கும் ஃபங்ஷன். 512 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொண்டது. ஆனால் வேர் ஒன்றே: எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமல் எழுத்தை எழுதுவது. அந்த ஃபங்ஷனை சி மொழியின் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று. ரெக்கார்டு நோட்டின் அரைப் பக்கத்துக்கும் உலகச் செய்திக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு குறைவு.

பின்னர் ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் என்று வந்த மொழிகள் இந்தச் சுமையை இறக்கிவைத்தன. இடம் ஒதுக்க வேண்டாம், சுழியம் வைக்க வேண்டாம், பிளஸ் குறி ஒன்று போதும். நல்ல மாற்றம்தான். ஆனால் சுமை மறைந்ததே தவிர அழிந்துவிடவில்லை. ஜாவாவில் ஒரு சரத்தை உருவாக்கியபின் மாற்ற முடியாது. ஒட்டும்போதெல்லாம் புதிய சரம் ஒன்று பிறக்கிறது, பழையதன் எழுத்துகள் முழுவதும் அதற்குள் நகலெடுக்கப்படுகின்றன. ரயிலின் பின்னால் ஒரு பெட்டியைச் சேர்க்க, இருக்கிற பெட்டிகள் அனைத்தையும் வேறு தண்டவாளத்தில் புதிதாகச் செய்து அடுக்குவது மாதிரி. பத்து எழுத்துள்ள ஆயிரம் துண்டுகளைச் சுழற்சியில் ஒவ்வொன்றாக ஒட்டினால், கிடைக்கும் சரத்தில் இருப்பது பத்தாயிரம் எழுத்துதான். ஆனால் வழியில் நகலெடுத்தது ஐம்பது லட்சத்துக்கும் மேல். துண்டு பத்தாயிரமானால் வேலை பத்து மடங்கு கூடாது, நூறு மடங்கு கூடும். இதற்காகவே ஜாவாவில் ‘ஸ்ட்ரிங் பில்டர்’ இருக்கிறது, பைத்தானில் ‘ஜாயின்’ இருக்கிறது. ஏன் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள, பிளஸ் குறிக்குள் நடக்கும் நகல் வேலையை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும் குழம்புவது இன்னும் அதிகமாயிற்று. பைத்தானில் விசைப்பலகையிலிருந்து எதை வாங்கினாலும் அது சரம்தான். இரண்டு பாடத்தின் மதிப்பெண்ணைக் கேட்டு, மாணவர் 45 என்றும் 50 என்றும் தட்டி, இரண்டையும் பிளஸ் போட்டால் விடை 95 வராது, 4550 வரும். பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஜாவாவில் ‘மொத்தம்’ என்ற சொல்லை முதலில் வைத்து 40ஐயும் 50ஐயும் பிளஸ் போட்டால் ‘மொத்தம் 4050’. எண்களை முதலில் வைத்துச் சொல்லைக் கடைசியில் போட்டால் ‘90 மொத்தம்’. அதே மூன்று பொருள், அதே இரண்டு பிளஸ், வரிசை மாறியதும் கணக்கு மாறுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் மேற்கோளுக்குள் இருக்கும் 5உடன் 1ஐக் கூட்டினால் 51; கழித்தால் 4. இணையப் படிவத்தில் நிரப்பும் தொகைகள் எல்லாம் சரமாகவே வருவதால், நூறும் ஐம்பதும் சேர்ந்து 10050 ஆகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. டாலர் குறி போனதும் அது செய்த எச்சரிக்கையும் போய்விட்டது. எச்சரிக்கும் வேலை இப்போது ஆசிரியரிடம் வந்திருக்கிறது.

அப்படியானால் பழைய முறைதான் சிறந்தது, எல்லோரையும் டர்போ சிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறேனா என்று கேட்கலாம். இல்லை. அந்தக் காலத்து லேபை நினைத்து ஏங்குவதில் ஒரு அநியாயம் இருக்கிறது. காரணம் சொல்லாமல் கணினி நின்றுபோனபோது, பல மாணவர்கள் தங்களுக்கு மூளை போதவில்லை என்று முடிவுகட்டி அந்தத் துறையையே விட்டுப் போனார்கள். ஆங்கிலம் சரளமில்லாத பிள்ளைகளுக்கு அது இரட்டை அடி. பைத்தானில் எண்ணையும் சரத்தையும் ஒட்ட முயன்றால், சரத்தோடு சரத்தைத்தான் இணைக்க முடியும், முழு எண்ணை முடியாது என்று எந்த வரியில் என்ன தவறு என்பதோடு செய்தி வருகிறது. இது நல்ல ஆசிரியரின் குரல். பழைய லேபில் கற்றுக்கொண்டவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். தப்பாதவர்களின் ரெக்கார்டு நோட்டு பரணில்கூட இருக்காது. அன்று தற்செயலாகவும் வலியோடும் கிடைத்த அறிவை இன்று திட்டமிட்டு, வலி இல்லாமல் தர முடியும். அதற்கு வேண்டிய கருவி நம் கையில் இருக்கும்போது பாடத்தையே சுருக்குவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

சரங்களை ஒட்டுவதன் ஆபத்தான முகம் தரவுத்தளத்தில் தெரியும். பயனர் தட்டிய பெயரை எடுத்து, ‘இந்தப் பெயருள்ளவரைத் தேடு’ என்று தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிய கட்டளைக்கு நடுவில் பிளஸ் போட்டு ஒட்டுவது தொடக்க மாணவர்கள் இயல்பாகச் செய்யும் காரியம். தூத்துக்குடிக் கரையோரத்துக் குடும்பங்களில் வழங்கும் டி’குரூஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டினாலே போதும், கட்டளை உடைந்துவிடும். பெயருக்குள் இருக்கும் ஒற்றை மேற்கோளைப் பெயரின் முடிவு என்று கணினி எடுத்துக்கொள்ளும். அதன் பின்னால் வருவது எல்லாம் அதற்குக் கட்டளை. ஒரு நல்ல மனிதரின் பெயர் தெரியாமல் உடைக்கும் அதே இடத்தில், கெட்ட எண்ணத்தோடு ஒருவர் வேண்டுமென்றே ஒரு நிபந்தனையை எழுதினால் அட்டவணை முழுவதும் அவர் கையில். 1998 டிசம்பரில் ‘ஃப்ராக்’ என்ற மின்னிதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் இதை விளக்கி எழுதினார். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்ற பெயரில் இது இன்றும் தளங்களைக் கவிழ்க்கிறது. தீர்வு எளிது: கட்டளையையும் தரவையும் ஒட்டாமல் தனித்தனியாக அனுப்புவது. ஒட்டக் கற்றுக்கொடுக்கும் பாடம், எங்கே ஒட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை.

இங்கே ஒரு மறுப்பு வரும். இப்போது யார் பிளஸ் போட்டு ஒட்டுகிறார்கள், 2016இல் வந்த பைத்தான் 3.6இலேயே எஃப்-ஸ்ட்ரிங் வந்துவிட்டது, வாக்கியத்துக்கு நடுவில் அடைப்புக்குள் மாறியின் பெயரை எழுதினால் தானே பொருந்திக்கொள்கிறதே என்பார்கள். எஃப்-ஸ்ட்ரிங் படிக்க அழகானது, நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அது ஒட்டும் எழுத்துமுறையை மாற்றுகிறது, ஒட்டுவதை மாற்றுவதில்லை. டி’குரூஸின் பெயரை அடைப்புக்குள் வைத்தாலும் எஸ்க்யூஎல் கட்டளை அதே இடத்தில்தான் உடையும். நிரல் எழுத ஏஐ இருக்கிறதே, மாணவர் ஏன் இதைக் கற்க வேண்டும் என்ற கேள்விக்கும் இதே பதில். ஏஐக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலோடு வெளியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலை ஒட்டி அனுப்பும்போது, அந்த மின்னஞ்சலுக்குள் ஒளிந்திருக்கும் வரியை ஏஐ கட்டளையாக எடுத்துக்கொள்வதுண்டு. 2022இல் சைமன் வில்லிசன் இதற்கு பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயரிட்டார். கட்டளையும் தரவும் ஒரே சரமானால் எது எது என்று பிரித்தறிய வழியில்லை என்ற அந்தப் பழைய சிக்கல், புதிய வீட்டில் குடியேறியிருக்கிறது. கருவி மாறும்; ஒட்டும்போது என்ன நடக்கிறது என்ற அறிவுக்கு ஓய்வு கிடையாது.

தமிழ் எழுத்துக்கு வந்தால் இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகிறது. திஸ்கி போன்ற குறியாக்கங்கள் புழங்கிய நாட்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது: ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். ஒரு கணினியில் அடித்ததை எழுத்துரு இல்லாத இன்னொன்றில் திறந்தால் குப்பையாகத் தெரிந்ததும், ஃபாண்டையும் ஃபிளாப்பியில் சேர்த்துக் கொடுத்தனுப்பியதும் அக்காலத்தவர் மறக்காத காட்சிகள். விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்து யுனிகோடு பரவியபின் வரிசை மாறியது. முதலில் க, அப்புறம் உயிர்க்குறி. இங்கே தொடக்க மாணவர் செய்து பார்க்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. சரத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் ஒட்டிக்கொண்டே போய்த் தலைகீழாக்கி, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கும் பயிற்சி. அதில் ‘விகடகவி’ என்ற சொல்லைக் கொடுத்தால், தெனாலிராமன் கதை கேட்ட எந்தக் குழந்தையும் ஆம் என்று சொல்லும் இடத்தில் பைத்தான் இல்லை என்று சொல்லும். நமக்கு ‘வி’ ஓர் எழுத்து. கணினிக்கு வகரமும் இகரக்குறியும் இரண்டு. தலைகீழாக ஒட்டும்போது இகரக்குறி முன்னால் அநாதையாக வந்து நிற்கும், இன்னொன்று நடுவிலுள்ள ககரத்தின்மேல் ஏறிக்கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்று சொல்லாமல் ஐந்து என்று சொல்வதும் இதனால்தான்.

இன்னும் ஒரு படி போகலாம். ‘கெ’ என்ற சரத்தோடு துணைக்காலை மட்டும் ஒட்டிப் பாருங்கள். திரையில் அழகாக ‘கொ’ வரும். நேராகத் தட்டிய ‘கொ’வோடு அதை ஒப்பிட்டால் இரண்டும் சமமில்லை என்று விடை வரும். முதலாவதில் மூன்று குறியீடு, இரண்டாவதில் இரண்டு. இரண்டும் ஒன்றே என்று யுனிகோடு விதி சொல்கிறது. இயல்பாக்கம் என்ற செயலைச் செய்தபின் ஒப்பிட்டால் சமம் என்று வரும். செய்யாமல் விட்டால், வாக்காளர் பட்டியலானாலும் நூலகப் பட்டியலானாலும், கண்ணெதிரே இருக்கும் பெயர் தேடும்போது கிடைக்காது. திரையில் பார்ப்பதும் உள்ளே இருப்பதும் வேறு என்பதற்கு இதைவிடக் கைக்கு அருகில் உள்ள சான்று ஆங்கில எழுத்தில் கிடைப்பது அரிது. முத்து அண்ணாமலை தொடங்கிய எழில் மொழியும், அதனோடு வளர்ந்த ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பும் தமிழ்ச் சரத்தை நாம் எண்ணும் எழுத்துகளாகப் பிரித்துத் தருகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் விகடகவி மறுபடியும் விகடகவி ஆகும்.

எழுத்தைத் தாண்டிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஊரின் பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டினால் எந்த ஊருக்கும் பொருந்தும். அதே நிரலைத் தமிழாக்கி, ஊரின் பெயரோடு ‘இல்’ என்பதை ஒட்டினால் ‘சேலம்இல்’, ‘மதுரைஇல்’, ‘வேலூர்இல்’ என்று வரும். மனிதர் யாரும் அப்படி எழுதமாட்டார்கள். மதுரையில் என்பதில் யகரம் தோன்றுகிறது. சேலத்தில் என்பதில் மகரம் கெட்டு அத்துச் சாரியை வருகிறது. தமிழ்நாட்டில் என்பதில் டகரம் இரட்டிக்கிறது. வேலூரில் என்பதில் ஈற்று மெய்யின்மேல் உயிர் ஏறுகிறது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பெரும்பகுதியும் நன்னூலின் புணர்ச்சி இயல்களும் இதைத்தான் பேசுகின்றன: இரண்டு சொல் சேரும்போது எது தோன்றும், எது திரியும், எது கெடும். இந்த விதிகளை நிரலாக எழுதுவது பதினோராம் வகுப்பு மாணவருக்கு எட்டாத வேலை அல்ல. வேலூர் என்ற சரத்தின் கடைசிப் புள்ளியை நீக்கி, இகரக்குறியையும் லகர மெய்யையும் ஒட்டினால் வேலூரில். தமிழ் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த விதி, கணினி வகுப்பில் வேலை செய்யும் பொருளாகிறது. வாக்கியத்தைத் துண்டுதுண்டாக ஒட்டாதீர்கள், முழு வாக்கியமாகத் தாருங்கள் என்று நிரலாளர்களுக்கு க்னூ கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் கையேடு அறிவுரை சொல்வதும், மொழிக்கு மொழி சொற்கள் சேரும் முறை வேறுபடுவதால்தான்.

வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாம் ஆங்கிலம், தமிழ்ச் சரத்தோடு மல்லுக்கட்டி என்ன பயன் என்று பெற்றோரும் சில ஆசிரியர்களும் கேட்பதுண்டு. நியாயமான கவலை. ஆனால் பட்டா, குடும்ப அட்டை, பஸ் டிக்கெட் என்று மக்கள் கையில் இருக்கும் காகிதங்களில் தமிழ் இருக்கிறது. அவற்றை அச்சிடும் நிரலை யாரோ எழுதத்தான் வேண்டும். தமிழ்ச் சரத்தைச் சரியாகக் கையாளக் கற்றவருக்கு இந்தியோ தாய்லாந்து மொழியோ அராபியோ அச்சுறுத்தாது; ஆங்கிலத்தில் மட்டும் பழகியவர்தான் ஒரு குறியீடு ஓர் எழுத்து என்ற தவறான நம்பிக்கையோடு வேலைக்குப் போகிறார். இத்தனையையும் தொடக்க மாணவர் தலையில் ஏற்றினால் பயந்துவிடமாட்டாரா என்பதும் உண்மையான கேள்வி. ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். 4550 முதலில் வரட்டும். அவர்களே சிரித்து, ஏன் என்று கேட்பார்கள். வெற்றிடமும் ஓர் எழுத்தாக எண்ணப்படுவதை அடுத்துக் காட்டலாம். விகடகவி கொஞ்சம் பொறுத்து வரலாம். தரவுத்தளப் பாடம் வரும்போது டி’குரூஸ் வருவார். ஒவ்வொன்றும் ஐந்தாறு வரி நிரல். விளக்கம் கேட்டு வருவதற்கு முன் விடையை ஊகிக்கச் சொல்லி, பின்பு ஓட்டிப் பார்க்கச் செய்தால் பயத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-20 கல்வியாண்டில் பைத்தான் வந்தது. சரங்களைக் கையாள்வதற்கென்று அதில் தனிப் பாடமே இருக்கிறது; தமிழ்வழி மாணவருக்குப் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. அடித்தளம் போட்டாயிற்று. கணினி அறிவியல் ஆசிரியர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்கான வரையறையாகவும் இரண்டு வரி எடுத்துக்காட்டாகவும் முடித்துவிடாதீர்கள். ஆங்கிலப் பெயர்களோடு நிறுத்தாமல் மாணவரின் சொந்த ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுத்து வேற்றுமை உருபை ஒட்டச் சொல்லுங்கள். தவறாக வரும் விடையைப் பலகையில் எழுதிக் காரணத்தை வகுப்பே தேடட்டும். முடிந்தால் பக்கத்து வகுப்பிலிருந்து தமிழாசிரியரையும் ஒரு பீரியட் அழைத்து வாருங்கள். கணினியும் இலக்கணமும் ஒரே கேள்வியைக் கேட்கும் இடம் பள்ளியில் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாக அமையாது.